ஜோடி மாற்றும் செவ்வாய்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று ஜோடி மாற்றும் நாள். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய். இருபத்திரண்டு பிள்ளைகள், பதினோரு மேசை. வீட்டில் ஒரே பாஷை பேசுகிற இரண்டு பேர் ஒரே மேசையில் உட்காரக் கூடாது. இந்தக் கலப்பு வகுப்பை ஆரம்பித்த என் தங்கச்சி போட்ட முதல் சட்டம் அது. எட்டு பாஷை இருக்கிறது எங்கள் வகுப்பில். நான் பேசுவதையும் சேர்த்தால் ஒன்பது.

தையல்காரர் மகளை கட்டட வேலைக்காரர் மகள் பக்கத்தில் வைத்தேன். தையல்காரர் மகளை நான் வாயாடி என்றுதான் கூப்பிடுவேன், அவளும் திரும்பிப் பார்ப்பாள். கட்டட வேலைக்காரர் மகள் வந்து ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு நான் வைத்த பேர் மவுனம். புது டீச்சர் பயந்தாள்.

"அக்கா, இது பேசிப் பேசியே அதை ஓட வச்சிடும்."

"அப்படியாவது ஒரு சத்தம் வரட்டும்" என்றேன்.

யாரை யாரோடு வைப்பது என்று முடிவு செய்வது நான்தான். ஆயா வேலைக்குக் கொடுத்த தாளில் அது இல்லை. மேசை துடைக்க, மூக்குத் துடைக்க, ஷூ கட்டிவிட, கை கழுவ வரிசையில் கூட்டிப் போக. அவ்வளவுதான் அதில். ஆனால் தங்கச்சி இங்கே டீச்சராக இருந்தபோது ஒருநாள் சொன்னாள். "அக்கா, என் முன்னாடி எல்லாம் நல்ல பிள்ளைங்கதான். கை கழுவுற இடத்துல யார் யாரைத் தள்ளுது, யாருக்கு யார் குழாயைத் திறந்து விடுதுன்னு உனக்குத்தான் தெரியும். நீயே ஜோடி போடு." அன்றிலிருந்து நான்.

இரண்டாவது சட்டம்: புரிந்த பிள்ளை புரியாத பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். விரலால், படத்தால், எந்தப் பாஷையாலும். சொன்ன பிள்ளைக்கு மார்க் கிடையாது. கேட்ட பிள்ளை எழுந்து நின்று திருப்பிச் சொன்னால்தான் இரண்டு பேருக்கும் மார்க். அதனால் எங்கள் வகுப்பு எப்போதும் சந்தைக்கடை. பக்கத்து வகுப்பு டீச்சர் கதவைச் சாத்திக்கொள்வார்.

மத்தியானம் பெரிய டீச்சர் கூப்பிட்டார். புது டீச்சரும் நானும் போனோம்.

"மேலிடத்துலேர்ந்து மார்ச் மாசம் ஆள் வராங்க. இந்தக் கலப்பு வகுப்பால பிரயோஜனம் இருக்கான்னு சோதிக்கப் போறாங்க. இல்லைன்னா அடுத்த வருஷம் தனி அறைதான். பாஷைக்கு ஒரு அறை. பள்ளிக்கூடப் பாஷை நல்லா வந்த பிறகு மத்தவங்களோட சேர்ப்பாங்களாம்."

புது டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. நான் வகுப்புக்குத் திரும்பி வந்து மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையையே இரண்டு தடவை துடைத்தேன் என்று வாயாடி சொன்னாள்.

தங்கச்சி கண்ணை மூடி நாலு மாதம். அவள் வகுப்புக்கும் நாள் குறித்துவிட்டார்கள். பார்க்கலாம்.

பிப்ரவரி 13, வியாழன்

அலமாரியில் தங்கச்சியின் ரத்தச் சோதனைச் சீட்டு ஒன்று. தேதியைப் பார்த்தேன். அன்றைக்கும் வகுப்புக்குப் போயிருக்கிறாள், கழுதை.

பிப்ரவரி 20, வியாழன்

தனி அறை என்றால் என்ன என்று பெரிய டீச்சருக்குத் தெரியாது. மேலிடத்துக்காரருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அதில் இருந்திருக்கிறேன்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது, அவளுக்கு ஆறு. எங்கள் பாஷையில் நான் ஐந்தாவது வரை படித்திருந்தேன். அதனால்தான் இதை எழுத முடிகிறது. இந்த ஊர்ப் பாஷை இன்றைக்கும் பேச வரும், எழுத வராது. அப்போது பேசவும் வராது. அதனால் என்னைத் தனி அறையில் போட்டார்கள். எங்களைப் போல வந்த பிள்ளைகள் பதினைந்து பேர். ஒரு டீச்சர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாள் யாரும் இல்லை. யாரும் இல்லாத பிள்ளைகளை என்ன செய்வது? சமையல்கட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷம் வெங்காயம் உரித்தேன். மூன்றாவது வருஷம் "இதுக்குப் படிப்பு ஏறாது" என்று அப்பாவிடம் சொன்னார்கள். அப்பாவும் நம்பினார். நானும்தான் நம்பினேன், முப்பது வருஷத்துக்கு மேல்.

தங்கச்சியையும் அதே அறைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே அவளுக்கு நாற்காலி இல்லை. இடம் வரும் வரை என்று இந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கிற வகுப்பில் ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அந்தப் பிள்ளை விரலைக் காட்டி, படம் போட்டு, கிள்ளி, இவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டது. அப்புறம் இவளை அங்கிருந்து எழுப்ப யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஒரு நாற்காலி இல்லாததால் அவள் டீச்சர் ஆனாள். ஒரு நாற்காலி இருந்ததால் நான் ஆயா ஆனேன். பொறாமை இல்லை. அவள் படிக்கத்தான் நான் வேலைக்குப் போனேன். ஆனால் இன்னொரு பிள்ளையை அந்த அறைக்குள் அனுப்ப மாட்டேன். என்னால் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. ஆனால் மாட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

புது டீச்சர் நல்ல பெண். ஆனால் பயந்தவள் செய்கிற வேலையெல்லாம் செய்கிறாள். ஆள் வருகிற அன்றைக்குச் சுவரெல்லாம் கொடி ஒட்ட வேண்டுமாம். ஒவ்வொரு பிள்ளையும் அவரவர் நாட்டு உடுப்புப் போட்டுக்கொண்டு, நாட்டைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டுமாம்.

இன்று ஒத்திகை. வாயாடி எழுந்து, "என் நாடு மூணாவது மாடி, லிஃப்ட் ஓடாது" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் பொய் சொல்லவில்லை, அங்கேதான் பிறந்தாள். டாக்ஸிக்காரர் மகன் கொடியை வாங்கி மூக்கைத் துடைத்தான். அவனுக்குப் பேரே ரெட்டைவால்.

மவுனத்தின் முறை வந்தது. அவள் கையில் கொடியைக் கொடுத்ததும் மேசைக்கு அடியில் போய்விட்டாள். அந்தக் கொடி பிடித்தவர்களிடமிருந்துதான் அவர்கள் ஓடி வந்தது என்று அவள் அப்பா எனக்கு ஒருதடவை சொல்லியிருக்கிறார். நானும் அடியில் போய் உட்கார்ந்தேன். முட்டி பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம். மேலே வாயாடி எங்களுக்காகக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் புது டீச்சரிடம் சொன்னேன்.

"கொடியெல்லாம் எடுத்துடும்மா."

"அப்போ வர்றவங்களுக்கு என்னக்கா காட்டுறது?"

"பிள்ளைங்க என்ன செய்யுதோ அதைக் காட்டு. இது என்ன பொம்மைக் கடையா?"

கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். ஆனால் அவளே ஸ்டூல் போட்டு ஏறிப் பிரித்தாள். நான் கீழே பிடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஜோடி மாற்றினேன். மவுனத்தை ரெட்டைவால் பக்கத்தில் வைத்தேன். குழாயடியில் அவன் தண்ணீர் அடித்தால் அவள் சிரிக்கிறாள். வேறு யார் அடித்தாலும் சிரிப்பதில்லை.

மார்ச் 2, ஞாயிறு

தங்கச்சி அறையைப் பெருக்கினேன். கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடேயே இருந்தவள். "நீ எதுக்குடி தனியா வீடு பார்க்கணும், நாங்க இருக்கோம்ல" என்று நான்தான் சொன்னேன். இப்போது அந்த அறையை வாடகைக்கு விடலாமே என்று பக்கத்து வீட்டம்மா கேட்கிறாள். நல்ல மனசோடுதான் கேட்கிறாள். நான் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் சத்தமாகவே சாத்திவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

எல்லாம் போச்சு.

எழுதினால்தான் தூக்கம் வரும். எழுதுகிறேன்.

காலையில் வந்தார்கள். ஒருவர் பெரியவர், ஒல்லி, நிமிர்ந்தபடி நிற்கிறார். வாயாடி என் காதில் "அளவுகோல்" என்றாள். அந்தப் பேரே நின்றுவிட்டது. கூட ஓர் அம்மா. வந்ததும் பதினோரு மேசையையும் பிரிக்கச் சொன்னார்கள். இருபத்திரண்டு தனி மேசை, நடுவில் ஒரு முழ இடைவெளி. தாளைக் கொடுத்தார்கள்.

ஐந்து நிமிஷம் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. அப்புறம் ரெட்டைவால் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டான். திரும்பிப் பார்த்தான். மவுனம் இரண்டு மேசை தள்ளி இருந்தாள். அவள் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து, நடந்து போய், அவன் முன்னால் விரலை விரித்துக் காட்ட ஆரம்பித்தாள். ஒளித்து மறைத்து இல்லை. நடு வகுப்பில், அளவுகோல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அதைப் பார்த்ததும் மற்ற பிள்ளைகளுக்கும் தைரியம் வந்துவிட்டது. நாற்காலியை இழுக்கிற சத்தம். வாயாடி எழுந்து நின்று பாதி வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

"காப்பி! எல்லாரும் காப்பியடிக்கிறாங்க!" என்று அந்த அம்மா கத்தினார். தாளைப் பிடுங்கினார்கள். பதினான்கு தாள் செல்லாது. மவுனம் பிடுங்கின கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியும்? பரீட்சையில் பேசக் கூடாது என்று நாங்கள் ஒருநாளும் சொல்லித்தரவில்லை. இரண்டு வருஷமாக இந்த வகுப்பில் ஒரு பிள்ளைகூடத் தனியாக உட்கார்ந்து பரீட்சை எழுதியதில்லை. தப்பு எங்களுடையது. என்னுடையது, புது டீச்சருடையது, உன்னுடையதும்தாண்டி. நீ யோசிச்சிருக்கணும். இல்ல, யோசிச்சு வச்சிருந்து சொல்றதுக்குள்ள போயிட்டியா? யாருகிட்ட கேக்குறது நான்?

புது டீச்சர் சாமான் அறையில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். எனக்கு அழ நேரம் இல்லை, இருபத்திரண்டு பேருக்கும் கை கழுவிவிட வேண்டியிருந்தது.

மார்ச் 7, வெள்ளி

வீட்டுக்காரர் மெக்கானிக். வீட்டில் அவர் பேசுவது குறைவு. இன்று சாப்பிடும்போது கேட்டார்.

"நீ போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"நான் ஆயாங்க. என்னை யார் கேப்பாங்க?"

"ஆயாவுக்கு வாய் இல்லையா? வீட்ல இருக்கே, நல்லா பெருசா."

"கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்ல. வண்டி ஓடலைன்னு ஓனர் சொல்வான். ஏன் ஓடலைன்னு தெரியுறது கீழே படுத்துப் பார்த்தவனுக்குத்தான். நீதான் கீழே படுத்துப் பார்த்தவ."

மேசைக்கு அடியில் உட்கார்ந்ததை இவரிடம் நான் சொல்லவே இல்லை. தானாக வந்த பேச்சு. சிரிப்பு வந்துவிட்டது. அவள் போன பிறகு இந்தச் சாப்பாட்டு மேசையில் நான் சிரித்தது இன்றுதான்.

மார்ச் 10, திங்கள்

பெரிய டீச்சர் அறைக்குப் போனேன்.

"வெள்ளிக்கிழமை கூட்டம். அன்னைக்கே முடிவு பண்ணிடுவாங்க. என் கையில எதுவும் இல்லம்மா" என்றார்.

"கூட்டத்துல நான் பேசணும்."

"நீங்களா? எழுதிக் கொடுங்களேன்."

"எழுத வராது. பேச வரும்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க தங்கச்சியும் இப்படித்தான். வேண்டாம்னு சொல்ல விடவே மாட்டா. அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல போகக் கூடாது."

அஞ்சு நிமிஷம் எனக்கு ஜாஸ்தி.

மார்ச் 14, வெள்ளி

பேசிவிட்டேன்.

நீள மேசை. ஏழு பேர். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். எனக்கு உட்கார நாற்காலி போட்டார்கள், நான் நின்றேன். வெறும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஈரத் துணி கையில் இருந்திருந்தால் துடைத்துக்கொண்டே பேசியிருப்பேன்.

காப்பி இல்லை, அவர்கள் படித்த விதம் அப்படி என்று சொன்னேன். இரண்டு சட்டத்தையும் சொன்னேன். பேசக் கூடாது என்று சொல்லித்தராதது எங்கள் தப்பு என்றும் சொன்னேன். அதை ஒத்துக்கொண்டதும் அளவுகோல் பேனாவை எடுத்தார்.

"தனி அறைன்னா உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? நாங்க பிள்ளைங்க நல்லதுக்குத்தானே சொல்றோம்."

"நான் அதுல இருந்தேங்க."

"எத்தனை வருஷம்?"

"ரெண்டு."

"என்ன கத்துக்கிட்டீங்க?"

"வெங்காயம் உரிக்க."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும்வரை நான் காத்திருந்தேன்.

"சரி. இந்த வகுப்பால பிரயோஜனம் இருக்குன்னு எப்படி நிரூபிப்பீங்க? சத்தம் போடுறதை அளக்க முடியாதில்ல."

இதை நான் மூன்று நாளாகப் பாத்திரம் தேய்க்கும்போது யோசித்து வைத்திருந்தேன். "ஒவ்வொரு பிள்ளையையும் தனியா கூப்பிடுங்க. பக்கத்துல வேற பிள்ளை வேண்டாம், சந்தேகமே வேண்டாம். முதல்ல வீட்டுப் பாஷையில சொல்லட்டும். அந்தப் பாஷை தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தர் உட்கார்ந்து சரியா தப்பான்னு சொல்லட்டும். அந்தப் பிள்ளையோட சொந்த அப்பா அம்மா வேண்டாம். அப்புறம் அதையே பள்ளிக்கூடப் பாஷையில சொல்லட்டும். தனி அறை வச்சிருக்கிற பள்ளிக்கூடம் இருந்தா அந்தப் பிள்ளைங்களையும் இதே மாதிரி கேளுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க."

பெரிய டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏழு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

"இருபத்தெட்டாம் தேதி. பெரியவங்களை நீங்களே கூட்டிட்டு வரணும்" என்றார் அளவுகோல்.

வெளியே வந்ததும், எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். 

மார்ச் 16, ஞாயிறு

காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினேன். வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார், கீழேயே நின்றுகொண்டார்.

தையல்காரர் உடனே சரி என்றார். பேச்சு அவர் குடும்பச் சொத்து. மவுனத்தின் பாஷை எங்கள் வகுப்பில் வேறு எந்த வீட்டிலும் இல்லை. அவள் அப்பாவோடு வேலை செய்கிற கொத்தனார் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். அவரைப் போய்ப் பார்த்தேன்.

"எனக்கே கணக்கு வராதேக்கா."

"நீங்க கட்டின கட்டடம் நிக்குதா?"

"நிக்குது."

"அப்போ வரும். இருபத்தெட்டாம் தேதி லீவு போடுங்க."

பெரிய தலைவலி பேக்கரிக்காரரும் டாக்ஸிக்காரரும். இரண்டு பேருக்கும் பாஷை ஒன்று. ஆனால் அவர்கள் வந்த இரண்டு தேசமும் ஒன்றை ஒன்று சுட்டுக்கொண்டிருக்கின்றன. பள்ளி வாசலில்கூட ஆளுக்கு ஒரு பக்கம் நிற்பார்கள். டாக்ஸிக்காரர் மகன் ரெட்டைவாலைப் பேக்கரிக்காரர்தான் கேட்க வேண்டும். பேக்கரிக்காரர் மகளை டாக்ஸிக்காரர் கேட்க வேண்டும். வேறு ஆள் இல்லை.

"அவன் என் பிள்ளையைச் சரின்னு சொல்வானா?" என்றார் பேக்கரிக்காரர், மாவுக் கையோடு.

"நீங்க அவர் பிள்ளையைச் சரின்னு சொல்வீங்களா?"

கொஞ்ச நேரம் மாவையே பிசைந்தார். "பையன் சரியா சொன்னா சொல்வேன். தப்பா சொன்னா தப்புன்னுதான் சொல்வேன்."

"அதுதான் வேணும்" என்றேன்.

டாக்ஸிக்காரரும் ஏறக்குறைய அதே வார்த்தைதான். இரண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரிப் பேசுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அடிதான் விழும்.

மார்ச் 19, புதன்

தங்கச்சி கனவில் வந்தாள்.  சுண்ணாம்புக்கட்டி கேட்டாள், கொடுத்தேன். அவ்வளவுதான். எழுந்த பிறகு வெகுநேரம் படுத்திருந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

காலை எட்டு மணிக்கு எட்டுப் பாஷைக்கும் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். கொத்தனார் தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி. பேக்கரிக்காரரும் டாக்ஸிக்காரரும் ஒரே பெஞ்சில், நடுவில் மூன்று பேர் உட்காருகிற இடம் விட்டு.

பிள்ளைகளுக்கு இந்தத் தடவை முன்கூட்டியே சொன்னோம். "உள்ளே தனியா போகணும். யாரும் கூட வர முடியாது." வாயாடி, "பக்கத்துல யாரும் இல்லாம எப்படிப் பேசுறது?" என்று கேட்டாள். நான் குனிந்து அவள் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டேன்.

பேக்கரிக்காரர் வெளியே வந்து ரெட்டைவாலைப் பற்றிச் சொன்னார்: "நாலு சரி. ஒண்ணு தப்பு." எல்லாரும் டாக்ஸிக்காரரைப் பார்த்தோம். அவர், "ஒண்ணுதான் தப்பா? அப்போ அது என் பையன் இல்ல, யாரையோ கூப்பிட்டுட்டீங்க" என்றார். பேக்கரிக்காரருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது, அடக்க முடியவில்லை. அதற்குப் பிறகும் மூன்று பேர் இடம் அப்படியேதான் இருந்தது. ஆனால் டாக்ஸிக்காரர் தன் பாட்டில் தண்ணீரை அந்த இடத்தின் நடுவில் வைத்தார்.

மவுனத்தின் முறை. கதவருகே நிற்க எனக்கு மட்டும் அனுமதி. தண்ணீர் கொடுப்பதற்காக.

பதினேழு ஆரஞ்சை ஐந்து பேருக்குப் பங்கு போட வேண்டும். கொத்தனாரிடம் அவள் பாஷையில் சொன்னாள். சின்னக் குரல். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கொத்தனார் தலையாட்டினார், பெரிதாக, இரண்டு தடவை. "இப்போ எங்களுக்குச் சொல்லு" என்றார் அளவுகோல். அவள் கழுத்தைத் திருப்பிப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். யாரும் இல்லை.  போச்சு என்று நினைத்தேன்.

அவள் எழுந்து மேசையைச் சுற்றிப் போய் அளவுகோலின் பக்கத்தில் நின்றாள். அவருடைய தாளை எடுத்தாள். வட்டம் வட்டமாகப் போட்டாள். பள்ளிக்கூடப் பாஷையில், ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கிப் பிடுங்கி, ஆளுக்கு மூன்று, மிச்சம் இரண்டு என்று சொன்னாள். இந்த வகுப்புக்கு வந்த பிறகு அவள் எங்களுக்குக் கேட்கும்படி பேசியது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் அவர் "சரி, நல்லது" என்று எழுதப் போனார். அவள் அவர் பேனாவைப் பிடித்துவிட்டாள்.

"திருப்பிச் சொல்லுங்க."

"என்ன?"

"நீங்க. திருப்பிச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் திருப்பிச் சொன்னார். அவசரத்தில் மிச்சத்தை விட்டுவிட்டார். அவள் தலையை ஆட்டி, "இல்ல" என்று சொல்லி, மறுபடியும் வட்டம் போட ஆரம்பித்தாள். இரண்டாவது தடவை அந்தப் பெரியவர் பதினேழு வட்டத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். சரியாகச் சொன்ன பிறகுதான் பேனாவை விட்டாள்.

தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தேன். நடைபாதையில் யாரும் இல்லை. அங்கே அழுதேன். பார்த்தியாடி? பார்த்தியா? இதை நீயில்லாம நான் பார்க்கணுமா?

ஏப்ரல் 9, புதன்

முடிவு வந்துவிட்டது. பெரிய டீச்சர் வாசித்துக் காட்டினார். நான் மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

கணக்கிலும் பேச்சிலும் எங்கள் பிள்ளைகள் தனி அறைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைவிட நன்றாக இருக்கிறார்கள். இரண்டு பள்ளிக்கூடப் பதிவேட்டையும் பார்த்தார்களாம், பிள்ளைக்குப் பிள்ளை சண்டை அவர்களைவிடப் பாதிதான். ஆனால் அன்றைக்கே வாசிக்கவும் வைத்துப் பார்த்தார்கள், பள்ளிக்கூடப் பாஷையில் வாசிப்பதில் எங்களில் ஒன்பது பேர் பின்தங்கி இருக்கிறார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முந்தி. அது உண்மை. எனக்கும் தெரியும். விரலாலேயே எல்லாம் சொல்லிவிட்டால் புத்தகத்தை எதற்குத் திறப்பான்? மேசைக்கு மேசை போய்ப் பார்க்கிற எனக்கு அது தெரியாமல் இல்லை, வெளியில் சொல்லத்தான் மனசு வரவில்லை. புது டீச்சர், "தினமும் ஒரு மணி நேரம் வாசிப்பு வைக்கலாம்க்கா. அதையும் ஜோடியா வைக்கலாம், ஆனா ஆளுக்கு ஒரு புத்தகம்" என்றாள். இந்த யோசனை அவளுடையது. தங்கச்சியுடையது இல்லை, என்னுடையதும் இல்லை. நல்ல யோசனை.

தனி அறை கிடையாது. இந்த வகுப்பு தொடரும். இன்னும் இரண்டு வகுப்பில் ஒரு வருஷத்துக்குச் செய்து பார்க்க வேண்டும். அடுத்த வருஷம் மறுபடி அளப்பார்கள். அளக்கட்டும்.

கடைசி வரியை அளவுகோல் கையால் எழுதியிருந்தாராம்: ஜோடி போடும் முறையை மற்ற வகுப்புகளுக்கு ஆயாம்மாவே விளக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்போ இனிமே வீட்ல கொஞ்சம் கம்மியா பேசுவியா?" என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவள் அறையை வாடகைக்கு விடவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தேன். தையல் மெஷினை அங்கே போட்டுக்கொண்டேன், வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

புது வருஷத்தின் முதல் ஜோடி மாற்றம். மூன்று வகுப்பு, முப்பத்து நான்கு மேசை. பள்ளி விட்ட பிறகு மற்ற இரண்டு வகுப்பு டீச்சர்களும் ஆயாக்களும் என்னிடம் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர், இத்தனை நாளும் கதவைச் சாத்திக்கொண்ட பக்கத்து வகுப்பு டீச்சர். நோட்டும் பேனாவும் கொண்டுவந்திருந்தார்.

"எந்தப் பிள்ளையை எந்தப் பிள்ளையோட வைக்கணும்னு எப்படிம்மா தெரியும்? அதுக்கு ஏதாவது கணக்கு இருக்கா?"

கணக்கு இல்லை என்றேன். கை கழுவும் இடத்தில் போய் நில்லுங்கள் என்றேன். ரொம்பச் சமத்தான இரண்டு பேரைச் சேர்க்காதீர்கள், இரண்டு பேரும் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சண்டை போட்ட இரண்டு பேரை உடனே சேர்க்காதீர்கள், நாலு நாள் ஆறட்டும், அப்புறம் சேருங்கள். வாய் திறக்காத பிள்ளையைப் பேச வைக்கப் பார்க்காதீர்கள், அது சிரிக்கிற ஆள் யார் என்று பாருங்கள். வாசிக்கிற நேரத்தில் ஆளுக்கு ஒரு புத்தகம் கட்டாயம். பரீட்சை என்றால் என்ன என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள், நாங்கள் பட்டது போதும். அவர்கள் சிரித்தார்கள், எழுதிக்கொண்டார்கள். ஒரு ஆயா, "என் வகுப்புல ஒருத்தன் கடிக்கிறான்க்கா, அவனை யார்கூட வைக்கிறது?" என்று கேட்டாள். "முதல் ரெண்டு வாரம் உன்கூட" என்றேன்.

ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அவர்கள் போன பிறகு நாற்காலிகளைத் தூக்கி மேசை மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அவ்வளவு நேரப் பேச்சில் ஒரு தடவைகூட நான் "என் தங்கச்சி சொல்வா" என்று சொல்லவில்லை.

அப்படியே நின்றேன். அழுகை வரும் என்று பார்த்தேன்.

பசிதான் வந்தது. மீதி நாற்காலிகளையும் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.